நாயகியைப் பிடிக்கிறது, நாயகனைச் சகிக்க முடியவில்லை: ஒரு டெல்டா ஃபேன்டசி நாவலை எங்கே திருத்துவது?

கேள்வி சுருக்கமாக இது. காவிரிப் படுகையை வைத்து, ராஜா காலத்துச் சாயலில் ஒரு ஃபேன்டசி நாவல் எழுதி முடித்தாயிற்று. சுமார் 1 லட்சம் சொற்கள், 36 அத்தியாயங்கள். நாயகி செங்கமலம் தென்கரை மதகுக்காரி. ஓடுகிற தண்ணீரை நிறுத்தவும் திருப்பவும் அவளால் முடியும். நாயகன் விடங்கன் வடகரைப் பெரிய பண்ணையின் வாரிசு. மூன்றாம் அத்தியாயத்தில் அவள் நாற்றுக் கூடையை எட்டி உதைக்கிறான், ஐந்தில் ஊர் நடுவே அவமானப்படுத்துகிறான், ஒன்பதில் கையைப் பிடித்து இழுக்கிறான், கடைசியில் திருந்தி அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். படித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது: அவள் அருமை, இவனைப் போய் ஏன் கட்டிக்கொள்கிறாள்? அவனை நல்லவனாக்குவதா, கதையை விட்டே தூக்குவதா?

இரண்டும் வேண்டாம். நல்லவனாக்கினால் சப்பென்று ஆகிவிடுவான். தூக்கினால் அவளோடு மோத ஆளிருக்காது. நீங்கள் கொடுத்த சுருக்கத்திலேயே கோளாறு எங்கே என்று தெரிகிறது. உங்கள் நாயகன் செய்வதெல்லாம் சில்லறைத் தப்பு. ஒவ்வொன்றையும் நாவல் அடுத்த பக்கத்திலேயே மறந்துவிடுகிறது. வாசகர் மறப்பதில்லை. இருபது சில்லறைத் தப்புகளை எடுத்துவிட்டு ஒரே ஒரு பெரிய குற்றத்தை அவன் தலையில் வையுங்கள். வாதாட இடமுள்ள குற்றமாக அது இருக்கட்டும். பிறகு கடைசிப் பக்கம் வரை அதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற திருத்தம் எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

முதலில் கணக்கெடுப்பு. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு அத்தியாயம் அத்தியாயமாக எழுதுங்கள். முதல் பத்தியில் அவன் செய்தது. இரண்டாவதில் அதற்கு விலை கொடுத்தவர் யார். மூன்றாவதில் அந்த விலையைக் கதை எங்கே கண்டுகொண்டது. மூன்றாம் பத்தி காலியாக இருக்கும் இடங்கள்தான் வாசகர் பல்லைக் கடித்த இடங்கள். கண்டுகொள்வது என்றால் யாரோ ஒரு பெரியவர் வந்து அவனுக்குப் புத்தி சொல்வது இல்லை. கூடையை உதைத்த மறுநாள் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவருபவள் அவன் வயலுக்கு மட்டும் வராமல் போகலாம். பரிசல்காரர் அவனைக் கண்டதும் அடுத்த துறைக்குத் துடுப்புப் போடலாம். நாற்று பிடுங்கி இரண்டு நாளுக்கு மேல் கிடந்தால் மஞ்சளாகிவிடும், நட்டாலும் பச்சை பிடிக்க நாளாகும். அந்த நட்டம் யார் வீட்டு அடுப்பைத் தொட்டது என்று ஒரு வரி வந்தால் போதும். கோபப்பட வாசகர் தேவையில்லை, கதையே கோபப்படுகிறது என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அவர் அவனை வேடிக்கை பார்க்க ஆரம்பிப்பார். வேடிக்கை பார்க்கிற வாசகர் புத்தகத்தை மூடுவதில்லை.

அடுத்தது இந்த மண்ணுக்கே உரிய சங்கதி. வாசகர் பொறுக்கும் கெட்ட குணங்கள் உண்டு: கர்வம், பொய், கஞ்சத்தனம், பயந்தாங்கொள்ளித்தனம், யாரையும் நம்பாத குணம். பொறுக்காதவையும் உண்டு: தன்னைவிட எளியவர் மேல் கை வைப்பது, சம்மதமில்லாமல் தொடுவது, எந்நேரமும் தன்னை நினைத்துத் தானே பரிதாபப்படுவது. வேறு ஊரில் நடக்கும் கதையில் பண்ணை வாரிசின் திமிரை ஒரு சுபாவம் என்று ஓட்டிவிடலாம். கீழத்தஞ்சையில் ஓட்ட முடியாது. சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் இங்கே பண்ணையாட்களுக்கு நிஜமாகவே கொடுக்கப்பட்ட தண்டனைகள். பண்ணையாள் பாதுகாப்புக்கென்று 1952-இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்த நிலம் இது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். நீங்கள் கற்பனை நாட்டுக்கு வேறு பெயர் வைத்தாலும், வடகரைப் பண்ணைக்காரன் தென்கரைக் கூலிக்காரியின் கூடையை உதைக்கிறான் என்றதும் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வாசகருக்கு இது நினைவுக்கு வராமல் போகாது. அதைக் காதலுக்கு முந்தைய குறும்பாக நீங்கள் எழுதினால் அவர் உங்களை மன்னிக்க மாட்டார். கூடை உதை, கைப்பிடி இழுவை இரண்டும் போகட்டும். அந்த அதிகார வரலாறு கதையில் வேண்டும் என்றால் நேராக எடுத்து எழுதுங்கள், காதலின் தூண்டிலாக வேண்டாம்.

சரி, என்ன பெரிய குற்றம்? டெல்டாவே ஒன்று கையில் கொடுக்கிறது. குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாறு மாதிரி ஆறுகளில் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் கரை முட்டப் போகும்போது ஒரு கரை உடைந்தால் எதிர்க்கரைக்கு உயிர் வரும். தண்ணீர் மட்டம் மளமளவென இறங்கிவிடும். ஆகவே ராத்திரியில் எதிர்க்கரையை வெட்டிவிடும் பயம் ஆற்றங்கரை ஊர்களுக்கு எப்போதும் உண்டு. கரைக்காவல் போடுவதே பாதி அதற்காகத்தான். விடங்கன் அதைச் செய்யட்டும். வடகரையில் நெல் சேர்த்து வைத்த களஞ்சியமும் அடைக்கலம் புகுந்த ஜனமும் இருக்கிறது. தென்கரையில் நட்டு ஒரு மாதமான சம்பா நிற்கிறது. தென்கரையை வெட்டினால் ஆள் சாகாது, பயிர்தான் போகும் என்று கணக்குப் போட்டு வெட்டுகிறான். கணக்கு முக்கால்வாசி சரி. கால்வாசி தப்பு: கன்னி வாய்க்கால் ஓரத்துக் குடிசையில் தூங்கியவர்களை அவன் எண்ணவே இல்லை. இப்படி ஒரு குற்றம் இருந்தால் வாசகர்கள் இரண்டாகப் பிரிவார்கள், பேசுவார்கள். கூடையை உதைத்தது பற்றி யாரும் இரண்டு பக்கம் எடுத்துப் பேசப் போவதில்லை.

பிடிக்காத நாயகனும் அசராத நாயகியும் நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரம், மணிமேகலை என்ற இரட்டைக் காப்பியங்கள் இரண்டும் புகாரிலிருந்து, அதாவது பூம்புகாரிலிருந்து, கிளம்புகின்றன, இரண்டிலும் இதுதான் நிலவரம். உங்களுக்குத் தேவையான நுட்பம் அதற்குள் இருப்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கோவலனை எடுங்கள். கட்டினவளை விட்டுப் போகிறான், சொத்தைக் கரைக்கிறான், மாதவி பாடிய ஒரு பாட்டைத் தப்பாக எடுத்துக்கொண்டு அவளையும் விட்டு வருகிறான். அவன் நல்ல குணத்தைச் சொல்லும் இடம் எங்கே வருகிறது தெரியுமா? 15-ஆவதான அடைக்கலக் காதையில், மாடலன் என்ற மறையவன் வாயால். யானையின் கையில் சிக்கிய முதியவரை மீட்டது, கீரிப்பிள்ளையைக் கொன்றதால் கணவன் விட்டுப்போன பெண்ணுக்கு வழி செய்தது, பூதம் விழுங்கவந்த பொய்ச்சாட்சிக்காரனுக்குப் பதிலாகத் தன் உயிரைத் தர முன்வந்தது என்று வரிசையாக வரும். அடுத்த காதையில் அவன் உயிர் போகிறது. இதையெல்லாம் முதல் காதையிலேயே சொல்லியிருந்தால் அவனை விட்டுக்கொடுக்க மனம் வராது, கண்ணகிக்காகக் கோபமும் வராது. தானே சொல்லிக்கொண்டிருந்தால் பெருமையடித்தது மாதிரி இருக்கும். ஆகவே மூன்று விதிகள் எடுத்துக்கொள்ளலாம். நல்லதை வேறொருவர் சொல்லட்டும். தாமதமாகச் சொல்லட்டும். சொன்ன உடனே கதை அவனிடமிருந்து எதையாவது பறிக்கட்டும்.

இன்னொன்று. கொலைக்களக் காதையில் கோவலன் தன் தப்பையெல்லாம் வரிசையாக ஒப்புக்கொள்ளும்போது கண்ணகி பரவாயில்லை என்று சொல்வதில்லை. நீர் செய்தது மதிக்கத்தக்க ஒழுக்கம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான், நான் மாறாத மனத்தோடு உடன் வந்தேன் என்கிறாள். குற்றத்துக்குப் பெயர் வைக்கப்படுகிறது. உங்கள் 36 அத்தியாயங்களில் செங்கமலம் அவன் குற்றத்துக்கு ஒரு தடவையாவது பெயர் வைக்கிறாளா என்று தேடிப் பாருங்கள். அப்புறம், 30 காதைகளில் 16-இலேயே அவன் முடிந்துவிடுகிறான். மிச்சக் கதை அவளால் நடக்கிறது.

உதயகுமரன் வேறு வகை. அரச மகன், பின்தொடர்ந்து வருகிறவன். மணிமேகலையை ஒழுக்கமில்லாதவள், விலைக்கு வருபவள் என்று இழித்துப் பேசுகிறான். அப்படிப் பேசியும் என் நெஞ்சு அவன் பின்னால் போயிற்றே என்று அவள் தோழி சுதமதியிடம் சொல்கிறாள். பலமான நாயகியை எழுதும் யாரும் கவனிக்க வேண்டிய இடம் இது. அவளுக்கு மனம் சாயவில்லை என்றால் அவள் உறுதிக்கு விலையே இல்லை. சாய்வு இருக்கிறது, தெரிந்தும் போகாமல் நிற்கிறாள். காப்பியம் அவன் மோகத்துக்குக் காரணமும் தருகிறது: போன பிறவியில் அவன் இராகுலன், இவள் அவன் மனைவி இலக்குமி. காரணம் தருகிறதே தவிர சலுகை தருவதில்லை. 20-ஆம் காதையில் காஞ்சனன் என்ற வித்தியாதரன் வாளால் வெட்டுண்டு விழுகிறான், திருந்தாமலே.

விடங்கன் இந்த இரண்டில் யார் என்று முடிவு செய்யுங்கள். திருந்துகிறவனா, காரணம் தெரிந்தும் திருந்தாதவனா? இப்போது உங்கள் நாவலில் அவன் முதல் 30 அத்தியாயம் உதயகுமரனாகவும் கடைசி 6 அத்தியாயம் கோவலனாகவும் இருக்கிறான். வாசகருக்கு நெருடுவது அந்தத் தாவல்தான். அதை மூட உங்களுக்குக் கட்டாயம் ஒரு ஆசை வரும்: 31-ஆம் அத்தியாயத்தில் அவன் சின்ன வயசில் பட்ட கஷ்டத்தை ஒரு பின்கதையாக வைத்துவிடலாம் என்று. தயவுசெய்து வேண்டாம். அப்பா அடித்தார், அம்மா இல்லை என்பதெல்லாம் தண்டனை நேரத்தில் கொண்டுவரும் சிபாரிசுக் கடிதம்.

மாயத்துக்கு வருவோம். மணிமேகலைக்குத் தெய்வம் கொடுத்தது மூன்றே மந்திரம்: உரு மாற, வானில் செல்ல, பசி பொறுக்க. அவள் காஞ்சனனின் மனைவி காயசண்டிகையாக உரு மாறியதால்தான் அவன் குழம்பி உதயகுமரனை வெட்டுகிறான். அளவான ஆற்றல், அதன் விளைவு அவள் தலையிலேயே விடிகிறது. உங்கள் செங்கமலம் நினைத்தபோதெல்லாம் ஆற்றை நிறுத்துகிறாள். அப்படியானால் அவளுக்கு எதுவும் கஷ்டமில்லை, நாயகன் வெறும் தொந்தரவு, அவ்வளவுதான்.

டெல்டாவின் தண்ணீர் சட்டத்தையே மாயச் சட்டமாக்கிவிடுங்கள். தண்ணீரை அவள் உண்டாக்க முடியாது. தலைமடையில் பிடித்தால் கடைமடையில் அதே அளவு குறையும். எந்த மதகை அவள் மூடினாலும் எங்கோ ஒருவர் வயல் வெடிக்கும், அது யார் வயல் என்று அவளுக்குத் தெரியும். இதோடு உடம்பிலும் ஒரு விலை வையுங்கள்: ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், பிடித்தால் ஒரு நாள் முழுக்க விரல் மரத்துப்போகட்டும். மதகுக்காரிக்குக் கைதான் பிழைப்பு, முடிச்சுப் போட முடியாது, பலகை தூக்க முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது உடைப்புக் காட்சியில் தெரியும்.

பள்ளத்துக்கு ஓடுவதுதான் தண்ணீரின் குணம். கல்லணைப் பக்கம் காவிரிப் படுகை மேடு, கொள்ளிடம் பள்ளம். கொள்ளிடத்தில் விழுந்தது பெரும்பாலும் கடலுக்குத்தான். கரிகாலன் காலத்து அணையின் வேலையே காவிரி அந்தப் பள்ளத்துக்குச் சரிந்து போகாமல் பார்த்துக்கொள்வது. உங்கள் கற்பனை நாட்டில் கொள்ளிடம் மாதிரி ஒரு ஆறு, மறதியின் ஆறோ பேயின் ஆறோ, எப்போதும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கட்டும். வில்லனுக்கென்று தனியாக ஒரு மந்திரவாதி தேவைப்படாது.

பலி வேண்டும் என்றால் திருவலஞ்சுழித் தலபுராணத்தைப் பாருங்கள். காவிரி ஒரு பிலத்துக்குள், அதாவது பாதாளக் குழிக்குள், இறங்கி மறைந்துவிட, ஏரண்ட முனிவர் அதற்குள் இறங்கித் தன்னைக் கொடுத்த பிறகுதான் ஆறு வலமாகச் சுழித்து வெளியே வந்தது என்பார்கள். அந்தக் குழியின் விளிம்பு வரை வந்து, எட்டிப் பார்த்து, இறங்காமல் திரும்பிப் போனவன் ஒருவன் இருந்தால்? விடங்கனின் பரம்பரைப் பழி அதுவாக இருக்கலாம். அவன் இறங்காததை யாரும் குறை சொல்ல முடியாது, யாருக்கும் பிடிக்கவும் பிடிக்காது.

இடத் தகவல்களில் அடிக்கடி சறுக்கும் சில. டெல்டாவில் மலையும் குகையும் கிடையாது, முழுக்க வண்டல், கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. நாயகன் மறைந்துகொள்ளக் காடு வேண்டும் என்றால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையோ, வெளிமான் திரியும் கோடியக்கரைக் காட்டையோ முன்மாதிரியாக எடுங்கள். காவிரி முக்கொம்பில் அகண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பூம்புகாரிலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அங்கே வரும்போது அது கிளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வாய்க்கால் மாதிரி ஒடுங்கி வருகிறது. மேட்டூர் அணை முடிந்தது 1934-இல். ஜூன் 12 திறப்பு, மூன்று நான்கு நாளில் கல்லணைத் திறப்பு என்ற கணக்கெல்லாம் ராஜா காலக் கதைக்கு உதவாது. அப்போது குடகில் பெய்த மழை தானாகவே ஆடியில் நுரையோடு வந்து சேரும், பதினெட்டாம் பெருக்குக்கு அதுதான் அர்த்தம். சவுக்கு மரம் இந்தக் கடற்கரையில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில், ஆகவே மூங்கிலும் பனையும்தான் உங்களுக்கு. மிளகாய் கிள்ளிப் போட்ட ரசமும் கூடாது, மிளகு போடுங்கள்.

இப்போது அந்த உடைப்புக் காட்சி. சுருக்கத்தில் இருப்பது இப்படி: கரை உடைகிறது, செங்கமலம் மாயத்தால் தண்ணீரை நிறுத்தப் பார்த்து மயங்கி விழுகிறாள், விடங்கன் ஆட்களோடு வந்து உடைப்பை அடைத்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். நாவலின் உயிரே இங்கே போய்விட்டது. அவளுடைய தொழில், அவளுடைய கரை, அவளுடைய ஆற்றல், எல்லாம் அவனுக்குக் கைமாறிவிட்டது. பலமான நாயகி உள்ள பெரும்பாலான கதைகள் உச்சக்கட்டத்தில் செய்யும் அதே துரோகம்.

உடைப்பு அடைப்பது எப்படி என்று தெரிந்தால் காட்சி தானே திரும்பும். முதல் வேலை உடைந்த இடத்தை மூடுவது இல்லை. உடைப்பின் இரண்டு ஓரங்களையும் கட்டுவதுதான், இல்லாவிட்டால் வாய் அகன்றுகொண்டே போகும். கழி அடித்து, கீற்றுத் தட்டி வைத்து, இரண்டு ஓரமும் கரையாமல் நிறுத்த வேண்டும். பிறகு உடைப்புக்கு நேர் குறுக்கே அடைக்கப் போனால் தோற்பீர்கள். தண்ணீர் விழுந்த இடத்தில் மடு பறித்திருக்கும், கழி நிற்காது. மடுவை விட்டு விலகிப் பிறை வடிவில் இரண்டு வரிசை கழி அடிப்பார்கள். கழியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இறங்க வேண்டும். இரண்டு வரிசைக்கும் நடுவே வைக்கோல் பிரி, களிமண், மண் மூட்டை. மூட்டையை வாய்வரை அடைத்துக் கட்டினால் உருண்டை உருண்டையாக நின்று இடுக்கில் தண்ணீர் பீறும். பாதிக்குச் சற்று மேலே நிரப்பினால்தான் படிந்து உட்காரும். இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு வருவார்கள். இடைவெளி குறையக் குறைய வேகம் கூடும். கடைசி நாலு முழம்தான் ஆளைத் தின்னும் இடம்.

செங்கமலம் மாயத்தைச் செலவழிக்க வேண்டியது அந்தக் கடைசி நாலு முழத்தில், ஒரே ஒரு நாழிகைக்கு. முன்னாலேயே செலவழித்தால் முட்டாள்தனம், அவளுக்கு அது தெரியும். அந்த நாழிகை முடிந்ததும் விரல் மரத்துவிடும், கடைசி முடிச்சுகளை வேறு யாரோதான் போட வேண்டும். அங்கே விடங்கன் தேவைப்படுகிறான், இரண்டு கையாக. காப்பாற்றுகிறவனாக வரவில்லை, அவள் சொல்படி வேலை செய்கிறவனாக வருகிறான். வெட்டிய கையே கட்டுகிறது என்று யாரும் வசனம் பேசத் தேவையில்லை. பேசினால் கெட்டது.

அவன் கழி ஏற்றிய படகோடு வந்து இறங்கும் இடத்தை இந்த மாதிரி எழுதிப் பார்க்கலாம்:

"எத்தன கழி?"

"நானூறு."

"நீளம்?"

அவன் திரும்பிப் படகைப் பார்த்தான்.

"மடுவ விட்டு வெலகியும் ஏழடி கெடக்கு. பதினாலடிக்குக் கொறஞ்சது ஒண்ணும் நிக்காது. அளந்து பிரிச்சு இஞ்ச வையி. குட்டையெல்லாம் ஓரத்துக்கு."

"செங்கமலம், நான் ஏன் வெட்டுனேன்னா..."

"ஏன்னு எனக்குத் தெரியும். கன்னி வாய்க்கா ஓரம் எத்தன வீடுன்னு ஒனக்குத் தெரியுமா?"

அவன் பதில் சொல்லவில்லை.

"ஆறு. கழிய எறக்கு."

அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை, வேலை வாங்குகிறாள். அவன் நானூறு கழி கொண்டுவந்தது நல்ல காரியம்தான், ஆனால் அளக்காமல் ஏற்றி வந்திருக்கிறான். களஞ்சியத்துக்குக் கணக்குப் போட்டவன் குடிசைகளை எண்ணாமல் விட்ட அதே குணம். ஒருவனைப் பிடிக்காதவனாக எழுத இதற்கு மேல் திமிர் வசனம் எதுவும் வேண்டாம். ஆறு என்ற எண் ஆளுக்கு ஆள் ஒவ்வொரு மாதிரி தைக்கும்; அந்த வீடுகளில் யார் யார் இருந்தார்கள் என்று முந்தைய அத்தியாயங்களில் இரண்டு மூன்று இடத்தில் பேர் சொல்லி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் எண்ணாகப் போய்விடும்.

இதில் மரியாதை விகுதியைக் கவனியுங்கள். பண்ணை வாரிசை மதகுக்காரி உடைப்புக்கு முன்புவரை "வாங்க, சொல்லுங்க" என்றுதான் பேசியிருப்பாள். "வையி, எறக்கு" என்று இறங்குவது இந்தக் காட்சியில்தான் முதல் தடவை நடக்க வேண்டும். உங்கள் பிரதியில் ஆரம்பத்திலிருந்தே இருவரும் "நீ, நீ" என்று பேசிக்கொண்டால் இந்த அடி விழாது. அவன் பக்கமும் இப்படியே: முதலில் ஒருமையில் பேசியவன் கடைசியில் "நீங்க" என்று கூப்பிடக்கூட வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடத் தயங்கினாலே போதும். "டீ" போட்டுப் பேசும் உரிமையைக் காதலின் அடையாளமாக வைக்கும் வழக்கத்தை இந்த ஜோடிக்குக் கொண்டுவராதீர்கள். கதை சொல்லும் குரலுக்கும் இதே சோதனை வையுங்கள். பண்ணைக் கணக்கரை "வந்தார்" என்றும், அவர் வயசே ஆன நடவுப் பெண்ணை "வந்தாள்" என்றும் எழுதியிருந்தால், கதாசிரியர் வடகரையில் நிற்கிறார் என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

செங்கமலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவளை எல்லாருக்கும் பிடிக்கிறது என்பதில் திருப்திப்பட வேண்டாம். அவள் எடுத்த ஒரு முடிவாவது தப்பாகப் போய் அதற்கு இன்னொருவர் பாதிக்கப்பட்டிருக்கிறாரா? இல்லை என்றால் அவள் பொம்மை. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் தன் அத்தை வயலுக்காக அரை நாள் மதகைப் பிடித்துவைத்தாள், கடைமடையில் ஒரு குடும்பத்தின் நாற்றங்கால் காய்ந்தது என்று பத்தாம் அத்தியாயத்துக்குள் ஒன்று வைத்துவிடுங்கள். அப்போது, விடங்கனின் குற்றம் அவளுக்கு அந்நியமாக இருக்காது, அளவில்தான் வித்தியாசம். அவனை அவள் வெறுப்பதிலும் கொஞ்சம் தன்மேல் உள்ள கோபம் கலக்கும்.

அத்தியாயப் பங்கீடு: 36-இல் 24 அவள் பார்வையில், 8 அவன் பார்வையில், மிச்சம் 4 பரிசல்காரர், பண்ணைக் கணக்கர் மாதிரி இருவரையும் கவனிக்கிறவர்கள் பார்வையில் என்று பிரிக்கலாம். அவன் பார்வை 9-ஆம் அத்தியாயத்துக்கு முன்னால் வேண்டாம். அதற்குள் வாசகர் அவனைப் பற்றி ஒரு தீர்ப்புக்கு வந்திருப்பார். பிறகு அவன் மண்டைக்குள் போனால் அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடம் நல்லது. அவன் அத்தியாயங்களில் சுயநியாயம் பேசவிடாதீர்கள், வேலை கொடுங்கள். நெல் அளக்கிறான், வெள்ளக் குறி போட்ட கல்லைப் பார்த்து எத்தனை நாழிகையில் கரை முட்டும் என்று கணிக்கிறான். ஒரு தொழில் நன்றாகத் தெரிந்தவனை, அவன் யாராக இருந்தாலும், படிக்க முடியும். அவன் ஏமாற்ற முடியாத ஒரு ஆளையும் கூட வையுங்கள், பால்யத்திலிருந்து பார்த்த கிழக் கணக்கர் போல. அவர் ஒரு செருமல் செருமினால் அவன் பாதிப் பொய்யில் நிறுத்திவிட வேண்டும்.

அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் வெளியிடப் போகிறீர்கள் என்றால் கூடுதல் சிக்கல். மூன்றாவது யூடியிலேயே (இணையத் தொடரில் ஒரு பதிவை இப்படிச் சொல்வார்கள்) நாயகனைத் திட்டிப் பின்னூட்டம் வரும், பயந்து நாலாவதில் அவனை ஒரு நாய்க்குட்டிக்குச் சோறு வைக்க விட்டுவிடுவீர்கள். 20 அத்தியாயமாவது திருத்தி முடித்து வைத்துக்கொண்டு பிறகு வெளியிடத் தொடங்குங்கள்.

முடிவு. மயிலாடுதுறையில் ஐப்பசி முழுக்கத் துலா முழுக்கு, கடைசி நாள் கடைமுகம். கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு: நடக்க முடியாமல் ஒரு நாள் பிந்தி வந்தவனுக்கும் அதே பலன் கிடைத்த நாள் என்பது ஐதீகம். பிந்தி வந்த விடங்கனுக்கு ஆறு இப்படி ஒரு சலுகை தரலாம். ஆறு தந்துவிட்டது என்பதற்காகச் செங்கமலமும் தர வேண்டும் என்று கட்டாயமில்லை. நாவலில் இந்த இரண்டு மன்னிப்பும் ஒன்றாகக் குழைந்து கிடக்கிறது, பிரித்துவிடுங்கள்.

கல்யாணத்தில்தான் முடிய வேண்டும் என்றால் உடைப்புக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஒரு முழுச் சம்பாப் பருவம் போகட்டும்; ஆடி, ஆவணியில் விதைத்துத் தையில் அறுக்கும் வரை. அந்த ஆறு மாதமும் அவன் தென்கரையில், பிறர் கண் முன்னால், அந்த ஆறு வீட்டு மண்ணில் என்ன செய்தான் என்று இரண்டு அத்தியாயமாவது எழுத வேண்டியிருக்கும். அதை எழுத உங்களுக்கே அலுப்பாக இருந்தால், அவர்கள் கல்யாணம் கதைக்குத் தேவையில்லை என்று அர்த்தம். கல்யாணத்தை எடுத்துவிட்டுக் கடைசி நாலு அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள், நிற்கிறதா என்று.

திருத்தும் வரிசை: முதலில் மூன்று பத்திக் கணக்கு, அடுத்து சில்லறைத் தப்புகளை நீக்குவது, பிறகு கரை வெட்டும் ராத்திரியை 12 அல்லது 13-ஆம் அத்தியாயத்தில் புதிதாக எழுதுவது, அதன்பின் உடைப்பு, அவளுடைய தப்பு முடிவு, அவன் பார்வை அத்தியாயங்கள். வசனமும் விகுதிகளும் எல்லாவற்றுக்கும் கடைசியில். முதலிலேயே வசனத்தில் கை வைத்தால், நாளைக்கு வெட்டித் தூக்கிப் போடப்போகும் காட்சிகளை உட்கார்ந்து மெருகேற்றிக்கொண்டிருப்பீர்கள்.